அமாவாசையன்று ஏறிய சர்க்கரை

ஒரு மனுஷனை அவன் கையே காட்டிக்கொடுக்குமா? என் கை காட்டிக்கொடுத்தது, ஐயா!

எல்லாம் அதில் ஒட்டியிருந்த, ரத்தத்துச் சர்க்கரையை அளக்கும் ஸ்டிக்கர் செய்த வேலை. வட்டமாக, ரப்பர் மாதிரி வளையும். அடியில் தலைமுடி கனத்தில் ஓர் ஊசி. வாஷி ஆபீசில் நான் ஜிலேபியைக் கடித்தால் போதும், மாட்டுங்கா வீட்டில் என் மனைவி ஷ்யாமளாவின் போன் கத்தும்.

"ஏன்னா, இப்போ என்ன முழுங்கினேள்?"

"தண்ணி."

"தண்ணிக்கு இவ்வளவு சர்க்கரை ஏறுமா? குலாப்ஜாமூன் ஊறின தண்ணியா?"

அந்தச் சமயம் பார்த்து நெருளில் மச்சினன் பிள்ளை நிகிலுக்குக் கல்யாணம் வந்தது. ஷ்யாமளா கறாராகச் சொல்லிவிட்டாள்: "அதுவரைக்கும் போன் கத்தாம இருந்தா அடைப்பிரதமன் பாயசம் உண்டு. ஒரு தடவை கத்தினாலும் உங்க இலைல மோர்தான்."

பாலக்காட்டுக்காரனுக்குப் பிரதமன் இல்லையா! கொதித்துப் போனேன்.

ஆபீசில் பக்கத்து சீட் தனசீலன். தாராவியில் வீடு, ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஈர்க்குச்சி உடம்பு. புது ஸ்டிக்கரை அவன் கையில் ஒட்டி, அவன் போனில் என் பெயரில் ஆப்பைத் திறந்துவிட்டேன்; அவன் சர்க்கரை என் கணக்கில் ஷ்யாமளாவுக்குப் போகும். ஆயுள் தீர்ந்துபோன பழைய ஸ்டிக்கர் என் கையில்.

"என்னைய மாட்டி விட்டுறாதீரும் வே," என்றான். "மைனிக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்து வறுத்துருவாவ."

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் வாசலிலேயே ஜிலேபி தின்றேன். போன் மூச்சு விடவில்லை. ஆஹா! டான்ஸ் ஆடாத குறையாக வீட்டுக்குப் போனேன். "சமத்து" என்று ஷ்யாமளா பாகற்காயை இன்னொரு கரண்டி போட்டாள்.

மறுநாள் அமாவாசை. வெறும் வயிறு, திறந்த மார்பு, தர்ப்பணத்துக்கு உட்கார்ந்துவிட்டேன். எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். கத்தியது பாருங்கள் போன்!

ஷ்யாமளா ஓடிவந்தாள்.

"நீங்க இன்னும் காபிகூடக் குடிக்கலையே!"

"எள்ளு விரல் வழியா இறங்கியிருக்குமோ?"

"தர்ப்பணம் பித்ருக்களுக்குன்னா. அவாளுக்கு ஏறினா என் போன்ல காட்டாது."

சொல்லிவிட்டு யோசித்தாள். அவள் யோசித்தால் எனக்கு ஆபத்து.

"உங்க ஆபீஸ்ல அமாவாசை விரதம் இல்லாத சிநேகிதர் யாரு? பக்கத்து சீட் தனசீலன்தானே?"

நான் அவசரமாக இன்னும் கொஞ்சம் எள்ளை அள்ளினேன். அவள் ஸ்பீக்கரைப் போட்டுத் தனசீலனைக் கூப்பிட்டாள்.

"கார்த்தால என்ன சாப்பிட்டேள்?"

"புட்டும் பழமும் மைனி. எம் பொஞ்சாதி சீனிய அள்ளிப் போட்டுட்டா."

திட்டப்போகிறாள் என்று பார்த்தேன். "உடனே டாக்டரைப் பாருங்கோ" என்றாள் அவனிடம். போய்ப் பார்த்தால், அவனுக்கும் சர்க்கரை! நல்லவேளை, ஆரம்பத்திலேயே தெரிந்தது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு ஷ்யாமளாதான் தெய்வம். தினமும் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவளுக்குப் போட்டோ அனுப்புகிறான், படுபாவி!

நெருளில் பந்தி. ஒரு பக்கம் ஷ்யாமளா, மறுபக்கம் தனசீலன். பிரதமன் வாளி வந்தது. நான் பல்லை இளித்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் என் இலையை மூடின.

"அவருக்கு மோர் போதும்," என்றாள் ஷ்யாமளா. "அவர் பங்கையும் எனக்கே விடுங்கோ."