பஞ்சைப் பகைத்த ட்ரெபிள் மாமா

பஞ்சைப் பரம விரோதியாகப் பாவித்து வாழ்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் இருந்தார். மந்தைவெளி முழுக்க அவருக்கு ட்ரெபிள் மாமா என்று பெயர்.

எழுபதுகளில் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பழைய ஸ்டீரியோ செட் கொண்டுவந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மனிதர்களுக்கு இரண்டாமிடம். மெத்தென்று எது இருந்தாலும் அது ட்ரெபிளை, அதாவது பாட்டின் பளிச்சென்ற மேல் ஓசையைத் தின்றுவிடுமாம். திரைச்சீலை போயிற்று. தலையணை போயிற்று. இலவம்பஞ்சு மெத்தை என்னிடம் அடைக்கலம் புகுந்தது. நான் சுகமாகத் தூங்கினேன், விஞ்ஞானம் வாழ்க!

"கேட்டியோடா? மோர்சிங் ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழறது!" என்பார்.

எனக்குத் தலைவலிதான் தனித்தனியாக விழுந்தது. "பிரமாதம் மாமா!" என்பேன். மெத்தையைத் திருப்பிக் கேட்டுவிட்டால்?

அவருடைய ஒரே பெண் விஜியைப் பெண் பார்க்க வந்தார்கள். பிள்ளை வீட்டார் பட்டும் ஜரிகையுமாகக் கூடத்தை அடைத்து உட்கார்ந்தார்கள். மனுஷன் சும்மா இருக்கலாமில்லையா? ரிக்கார்டைப் போட்டார். முகம் சுருங்கியது.

"சம்பந்தி மாமி, தப்பா நெனச்சுக்காதேங்கோ. சித்த வாசல்ல உக்காருங்கோ. உங்க புடவை சத்தத்தைக் குடிச்சுடறது."

பிள்ளையின் அம்மா உருவத்திலும் கொஞ்சம் தாராளம். அவர் முகம் போன போக்கைப் பார்த்து விஜியின் அம்மா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, எம் பொண்ணு கல்யாணம் போச்சே!" என்றாள். விஜியின் கண் கலங்கிவிட்டது. பாவம், அவளுக்குப் பிள்ளையைப் பிடித்திருந்தது.

பிள்ளை விருட்டென்று எழுந்தான். நேரே ஸ்பீக்கரிடம் போய்க் காதை வைத்தான்.

"அம்மா, கொஞ்சம் வாசலுக்குப் போயேன். மாமா சொல்றது வாஸ்தவம்."

அடப்பாவி! ஒரு பைத்தியத்திடமிருந்து இன்னொரு பைத்தியத்திடம் விஜி ஜாம்ஜாமென்று போய்ச் சேர்ந்தாள்.

அவள் பெங்களூருக்குக் கிளம்பிப் போன மறுவாரம், மாமா என்னைக் கூப்பிட்டார். ரிக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. ட்ரெபிள் குமிழ் கடைசிவரை திருகியிருந்தது.

"ஆத்துல ஒரு ஆள் கொறைஞ்சாச்சு. அவ பொட்டி, துணிமணி எல்லாம் போயாச்சு. இன்னும் பளிச்சுனு கேக்கணுமோன்னோ? ஏண்டா இப்படி மங்கிப் போச்சு?"

போய் மெத்தையைத் தூக்கிவந்து கூடத்தில் விரித்தேன்.

"தலைதீபாவளிக்கு விஜி வந்தா படுக்க வேண்டாமா, மாமா?"

மாமா குனிந்து அதைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவளுக்குத் தலையணை இல்லாம தூக்கம் வராதேடா" என்றார்.