மூன்று நிறப் பெட்டி

ஃபாரஸ்ட் கார்டு மாணிக்கம் குனிந்து பெட்டியை முகர்ந்து பார்த்தார். நகத்தால் சுரண்டினார். பிறகு செங்கோடனைப் பார்த்தார், அவனையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கலாமா என்பதுபோல.

"ஈட்டி மரமா?"

செங்கோடன் வாயைத் திறக்குமுன் அவன் மனைவி மாராயி முந்திக்கொண்டாள். "ஈட்டியேதானுங்க! கறுப்பைப் பாருங்க, எருமைக்கன்னு மாதிரி!"

"ஈட்டி சர்க்கார் மரம். பர்மிட் எங்க?"

உண்மையில் அது பலா. தன் தங்கை சென்னம்மாள் வீட்டில் ஈட்டிப் பெட்டி இருக்கிறது என்று இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லியே மாராயி சோறு போட்டாள். பொறுக்கமாட்டாமல் செங்கோடன் அடிவாரத்து ஆசாரியிடம் ஒரு பலாப் பெட்டி வாங்கிவந்து காட்டுக் கொட்டகையில் ஒளித்துவைத்தான். பழைய இரும்புத் துண்டுகளைப் புளித்த கஞ்சியில் பத்து நாள் ஊறப்போட்டான். கடுக்காயை இடித்துக் கொதிக்கவைத்துப் பெட்டிக்குப் பூசினான். காய்ந்ததும் மேலே அந்தத் துருக்கஞ்சி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலா கறுத்தது.

"சேலத்து வியாபாரி குடுத்த ஈட்டி" என்று கொண்டுவந்து வீட்டில் வைத்தான். மாராயி அதைக் குண்டூர் நாட்டு மலையூர்கள் முழுக்கச் சொல்லிவிட்டாள். கார்டின் காதுக்குப் போய்ச் சேர நான்கே நாள் ஆயிற்று.

இப்போது பலா என்று சொன்னால் மாராயி. ஈட்டி என்று சொன்னால் ஜெயில். இரண்டில் எது தேவலை என்று செங்கோடன் உண்மையாகவே யோசித்தான்.

"பர்மிட்டு வியாபாரிகிட்ட இருக்குதுங்க. நாளைக்கு வாங்கிக் காட்டறேனுங்க."

"காட்டு. நான் எங்கியும் போகல."

மறுநாள் மாராயி சாமைக்காட்டுக்குக் களையெடுக்கப் போனதும் செங்கோடன் புளியைக் கரைத்துப் பெட்டியைத் தேய்க்க ஆரம்பித்தான். அவள் வருவதற்குள் கார்டிடம் பலா என்று காட்டிவிட்டு, மறுபடி கறுப்பாக்கிவிடலாம் என்று கணக்கு. கறுப்பு போயிற்று. ஆனால் பெட்டி முழுக்கச் சாம்பல் திட்டுத் திட்டாக நின்றது. பலா மரம் அப்படி இருக்காதே! மஞ்சளை அரைத்து ஒரு பூச்சுப் பூசினான். பளபளவென்று வந்தது.

கார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது வேற பெட்டி!"

"அதே பெட்டிதானுங்க. வெறும் பலாங்க."

"நேத்துக் கறுப்பு, இன்னைக்கு மஞ்சளா? யாருகிட்டக் கதை விடறே? இது சந்தனம்!"

"சந்தனத்துக்கு வாசம் இருக்குமுங்களே?"

"அதான் எனக்குச் சந்தேகமே. வாசம் போறதுக்கு என்னத்தைப் பூசினே? இரு, சாட்சியோட வாரேன்."

அவர் அந்தப் பக்கம் போனதும் செங்கோடன் ஓடிப்போய்ச் சுண்ணாம்புக் கலயத்தை எடுத்துவந்தான். வெள்ளையடித்துவிட்டால் எந்த மரம் என்று எவனுக்குத் தெரியும்? ஒரே மூச்சில் பூசி முடித்தான். மஞ்சள்மேல் சுண்ணாம்பு பட்டதும் பெட்டி ரத்தமாய்ச் சிவந்தது.

ஊரில் எல்லோரும் காட்டுவேலைக்குப் போயிருந்ததால் சாட்சிக்குக் கார்டுக்குக் கிடைத்தது, களையெடுத்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரே ஆள்தான். மாராயி.

"செம்மரம்!" என்றார் கார்டு. குரலில் கிட்டத்தட்ட மரியாதையே இருந்தது. "ஈட்டி, சந்தனம், செம்மரம். ஒண்ணு விடலியே நீ! மத்த ரெண்டு பெட்டி எங்கய்யா?"

அவரே வீட்டுக்குள் புகுந்து தேடினார். குதிருக்குள் எட்டிப் பார்த்தார். பரண்மேல் ஏறினார். கோழிக்கூடையைக்கூடத் தூக்கிப் பார்த்தார். கோழிதான் அவரைக் கொத்தியது.

மாராயி சிவப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, என்ற கறுப்புப் பெட்டி எங்கீங்க? எவ ஊட்டுல கொண்டுபோய் வெச்சீங்க?"

"எவளும் இல்ல புள்ளே!"

"பின்ன எனக்குத் தெரியாம மூணு பெட்டி எதுக்கு? எனக்கு ஒண்ணு, மத்த ரெண்டும் யாருக்கு?"

ஜெயிலைப் பற்றி யோசித்துவைத்திருந்த செங்கோடன் இதைப் பற்றி யோசிக்கவில்லை. அரிவாளை எடுத்து, பெட்டியின் ஒரு மூலையை ஆழமாகச் செதுக்கினான்.

"பலா! பாருங்க, வெறும் பலா! இருக்கிறது ஒரே பெட்டி. நான்தான் சாயம் பூசினேன்!"

இருவரையும் கொட்டகைக்கு இழுத்துப்போய்க் கடுக்காய்ச் சட்டியையும் கஞ்சிக் கலயத்தையும் காட்டினான். ஒரு பலாச் சில்லை எடுத்து, அவர்கள் கண்ணெதிரே கறுப்பாக்கினான். மஞ்சள் பூசிய இன்னொரு சில்லில் சுண்ணாம்பைத் தடவிச் சிவப்பாக்கினான்.

மாராயி கறுத்த சில்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் கார்டைப் பார்த்துச் சொன்னாள்: "என்ற தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க சாமி."

கார்டு கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"கஞ்சி எத்தனை நாள் ஊறணும்?"

"பத்து நாளுங்க."

"மஞ்சள் அரைச்சுப் பூசினா எத்தனை நாளைக்கு நிக்கும்? தொட்டா கையில ஒட்டுமா?"

"காஞ்சா ஒட்டாதுங்க." செங்கோடன் நோட்டை எட்டிப் பார்த்தான். "எழுதறீங்களே, கேசுங்களா?"

கார்டு நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்.

மூன்று நாளாகச் செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. நாய் குரைத்தால் எழுந்து நின்றான். கோபத்தில் பேச்சை விட்டிருந்த மாராயி, அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், தானாகவே கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள்.

நான்காம் நாள் காலை வாசலில் நிழல் தட்டியது. கார்டு இல்லை. அவர் மனைவி பாப்பாயி, கையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மெல்லச் சொன்னாள்:

"அண்ணா, எங்க ஊட்டுக் கட்டில், பீரோ, ஊஞ்சப்பலகை எல்லாமே நெச ஈட்டிங்க, நாளன்னிக்கு ரேஞ்சர் துரை சோதனைக்கு வாராரு, அதுக்குள்ள அத்தனையும் பலாவாக்கிக் குடுக்கச் சொன்னாருங்க எங்க ஊட்டுக்காரரு!"