ஆறாம் நாள் விரதமும் ஒரு கழுத்துப்பிடியும்

விரதக்காரன் வீட்டில் கிடக்க வேண்டும். அதிலும் கந்தசஷ்டியின் கடைசி நாளில் தன் கழுத்தைக் கொண்டுபோய் இன்னொருவர் கையில் கொடுக்கவே கூடாது. சுவிஸில், வின்டர்தூர் நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் விழுந்துதான் இதை நான் படித்தேன்.

கல்யாணமாகிச் சில வருடங்களாக எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வருடம் நானும் மனைவி சுகந்தியும் ஆறு நாளும் வெறும் தண்ணீரோடு விரதம் பிடித்தோம். அவள் உருகி வேண்டினாள். நானும் மனதார வேண்டினேன். ஆனால் கண்ணை மூடினால் பாதி நேரம் முருகன் வந்தார், மீதி நேரம் கொத்துரொட்டி வந்தது.

அந்த நேரம் பார்த்து, நான் விழுந்து விழுந்து ரசிக்கும் பிரெஞ்சு எம்.எம்.ஏ. கலப்புச் சண்டை வீரர், ஆறாம் நாள் அந்தக் கடைக்கு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட வருகிறார் என்று செய்தி வந்தது. கனஎடைப் பிரிவில் வரிசையாக வென்று வந்தவர், பட்டத்துக்கான சண்டையில் மட்டும் தோற்றார். தோற்றதும் எதிராளியின் கையைத் தானே உயர்த்திப் பிடித்தார். அன்றிலிருந்து வென்றவரைவிட அவருக்குத்தான் ரசிகர்கள் கூட்டம். (பெரும்பாலும் என்னைப்போல வாய்ச்சண்டையிலேயே தோற்கிற ஆட்கள்.)

"சூரன்போருக்கு நேரத்தோட கோயிலுக்கு வாங்கோ" என்றாள் சுகந்தி. வேலையில் ஓவர்டைம், முடித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

கடையில் நீண்ட வரிசை. அவர் கழுத்தை நெரிப்பதுபோல நின்று படம் எடுப்பதுதான் ரசிகர்களின் ஆசை. என் முறை வந்ததும் பின்னால் நின்று, பூனைக்குட்டியைத் தொடுவதுபோல என் கழுத்தைச் சுற்றிக் கையை வைத்தார். அவ்வளவுதான், என் உடம்பு மறுபேச்சில்லாமல் கீழே போய்விட்டது.

கண் விழித்தபோது அவர் மடியில் கிடந்தேன். சுற்றிவரக் கைத்தொலைபேசிகள். ஆளைக் கொன்றுவிட்டாரா என்று யாரோ கேட்க, அந்தப் பெரிய மனிதர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். அடுத்த சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர், பாவம். அவசரமாகத் தன் போத்தலில் இருந்த சாக்லேட் பாலை என் வாயில் ஊற்றினார். விரதம் எனக்கு நினைவுக்கு வந்தது, ஆனால் விழுங்கிய பிறகுதான் வந்தது.

நான் கோயிலுக்குப் போனபோது சூரன் இன்னும் விழவில்லை. நான் விழுந்த வீடியோ வாட்ஸ்அப்பில் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பசியில் வாடிய முகத்தோடு சுகந்தி ஒரு தூணோரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அவளுடைய ஆறு நாள் பட்டினியையும் சேர்த்துப் பாழாக்கிவிட்டேனோ என்ற பயம்.

"மயங்கினது பரவாயில்லை. ஓவர்டைம் கதையையும் விடுவம்" என்றாள் மெதுவாக. "அவர் போத்தலை எடுக்கேக்க, பிடிச்சு இழுத்து மிச்சத்தையும் ஏன் குடிச்சனீங்கள்?"

வீடியோ மிகத் தெளிவாக இருந்தது.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். மருத்துவமனையில் அவளைக் கையில் வாங்கியபோது நான் விக்கி விக்கி அழுதேன். நான் அந்த வீரரின் மடியில் வாயைப் பிளந்து கிடக்கும் படத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியவள் சுகந்திதான். இப்போது மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்துவாள்.

"அம்மா விரதம் இருந்து கிடைச்சது நான். அப்பா விரதம் இருந்து கிடைச்சது இந்தப் படம்."