கோளாறு உங்கள் செட்டில்தான்

வாக்கி டாக்கியைப் பிடிக்கத் தெரியாதவன் என்று என்னைச் சொன்ன ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாதம் ஒன்று ஓடிவிட்டது, இருந்தாலும் மன்னிக்கவில்லை. மண்ணரை என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டில் நிற்பவன் நான், பெயர் ஆத்தப்பன். லாரியைப் பின்னால் எடுக்க வைக்கத் தெரியும், குடித்துவிட்டு வருகிறவனை வாசலோடு திருப்பி அனுப்பத் தெரியும், எட்டாவதோடு நின்றவன் என்றாலும் எந்த ஊர் நம்பர் பிளேட்டையும் படிக்கத் தெரியும். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா, அதைப் பிடிக்கத் தெரியாதா எனக்கு?

ஆனால் சொன்னவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர் தனி ஆள் இல்லை, ஓர் இனம். கோளாறு கண்டுபிடிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனியில் அந்த இனத்துக்கு ஸ்டோர் சென்னியப்பன் என்று பெயர். உங்கள் ஆபீஸில் வேறு பெயர் இருக்கும். இல்லாமல் இருக்காது.

நூல்கண்டும் லேபிளும் எடுத்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். வாக்கி டாக்கி செட்டை ரிப்பேர் பண்ணுவதற்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதுதான் இந்த இனத்தின் முதல் லட்சணம். யார் செட்டிலாவது கர்ர் என்று சத்தம் வந்தால் எங்கிருந்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். வந்ததும் என்ன ஏது என்று கேட்கமாட்டார். கையை நீட்டுவார். கொடுத்துவிட வேண்டும். வாங்கி, ஆஃப் பண்ணி, பேட்டரியைக் கழற்றி, வாயால் ஊதி, சட்டையில் தேய்த்து, திரும்ப மாட்டி, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிரசவ வார்டு வாசலில்கூட ஜனங்கள் அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். பிறகு தீர்ப்பு வரும். மேகம். டையிங்கில் சாயம் கொதிக்கிற ஆவி. சுவருக்குள் கம்பி. நாம் மேற்கே பார்த்து நிற்கிறோம். நம் குரல் தடிப்பு. ஒன்றும் அமையாவிட்டால் வெள்ளகோவில் பக்கம் கரண்டு எடுக்கிற காற்றாடிகள் வேகமாகச் சுற்றுகின்றன.

தன் செட்டை ஒரு தடவையாவது பார்ப்பாரா? கேட்டுப் பார்த்தேன்.

"அதுக்கென்னங்ணா, அது நம்ம செட்டு."

போன மாதம் ஒரு காலையில், பஞ்சுத் தூசி அடைகிறது என்று, தம் செட்டுக்கு ஓர் உறை தைத்தார் சென்னியப்பன். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில், ஓவர்லாக் மெஷினில், கச்சிதமாக. அந்தக் கச்சிதம் பேசும் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டது, விடவே இல்லை. எங்களுக்கு இது அப்புறம்தான் தெரியும், உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒருத்தர் பொத்தானை விடாவிட்டால் மற்றவர் யாரும் உள்ளே நுழைய முடியாது. கம்பெனி முழுக்க அவர் குரல்தான். கேன்டீன் சட்னியில் உப்பில்லை என்றார், முருகா என்றார், நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

சரி, செல்போன் இல்லையா என்பீர்கள். புது டிசைனை எவனாவது படம் பிடித்துவிடுவான் என்று, உள்ளே போகிறவர்கள் போனை எல்லாம் கேட்டில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. உள்ளே பேச்சென்றால் செட் ஒன்றுதான்.

செட் வேலை செய்யவில்லை என்று ஆள் ஆளாக நடந்து போய் அவரிடமே முறையிட்டார்கள். கிளம்பிவிட்டார். நேராகக் கேட்டுக்கு வந்தார். தூத்துக்குடிக்குப் போகிற கன்டெய்னர் லாரி, குழந்தைகள் பனியனை ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. நான் சாவியை எடுக்கப் போனேன்.

"முதல்ல செட்ட ஆஃப் பண்ணுங்ணா," என்றார். ஊதினார், தேய்த்தார், தட்டினார். "உங்க செட்டுத்தானுங்க எல்லாத்தையும் கெடுக்குது. தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு ஆன் பண்ணுங்க, ஒரு டெஸ்ட்டு."

"கேட்டத் தொறந்துவிட்டுட்டு ஏறச் சொல்லுங்கண்ணே," என்றான் டிரைவர் சோணைமுத்து. "கப்பலு நம்மளுக்காக நிக்காது."

"டெஸ்ட்டு முடியட்டுந் தம்பி."

ஏறினேன். சாவி என் இடுப்பில். மேலே போய்ச் செட்டைத் திருகினால், அடடா, கோயில் திருவிழா மைக் தோற்றுப் போகும்! "மேல நிக்கறாரே, அந்தாளுக்குச் செட்டப் புடிக்கவே தெரியாது, பொத்தான அமுக்கவுந் தெரியாது. சொன்னா மூஞ்சியத் தூக்கிக்குவாரு." கீழே டிரைவரிடம் அவர் சொன்னது ஓர் எழுத்தும் சிந்தாமல் என் காதில் விழுந்தது. நானும் பொத்தானை அமுக்கி ஒரு பதில் சொன்னேன். அதை அச்சில் போட முடியாது. அவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

"பாத்தியா, ஒரு சத்தமும் வல்ல. செட்டு அவுட்டு."

அப்போதுதான் பேக்கிங் கட்டடத்திலிருந்து சித்ராதேவி ஓடி வந்தாள். பேக்கிங் முழுவதும் அவள் பொறுப்பு. ஓவர்கோட் ஒரு பக்கம் பறக்கிறது, கையில் செட்.

"வண்டிய விட்றாதீங்க! கடைசிப் பெட்டி ஊசித்துண்டு பாக்கற மெஷின்ல போகாமயே ஏறிருச்சுங்க. பச்சக் கொழந்தைக போடறதுங்க! குத்துச்சுன்னா என்ற வேலையோட போகுமுங்களா? எவ்வளவு நேரமாக் கத்தறேன், ஒருத்தருங் கேக்கல."

சென்னியப்பன் கையை நீட்டினார். "செட்ட இப்படிக் குடு கண்ணு. நீ புடிக்கறதே தப்பு."

அவள் செட் அவர் பக்கத்தில் வந்ததும் ஊளையிட்டது. தொட்டி மேல் எனக்கே பல் கூசியது. "பாத்தியா, கோளாறு இதுலதான்," என்று அவர் கத்த, அவள் செட்டும் 'இதுலதான்' என்று கத்தியது.

சோணைமுத்து சிரித்துவிட்டான். "அண்ணே, நீங்க ஒரு தடவ பேசுனா எங்களுக்கு ரெண்டு தடவ கேக்குது. ஒங்க செட்டப் பாருங்க."

சித்ராதேவி அவர் செட்டின் உறையைப் பார்த்தாள். பிசிறு வெட்டுகிற டிரிம்மர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தாள், உறையை நறுக்கென்று வெட்டினாள். ஊளை நின்றது. காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த குரல்கள் எல்லாம் அடித்துப் பிடித்து வந்தன: கட்டிங் கத்தியது, டையிங் திட்டியது, கேன்டீன் அந்த உப்பில்லாத சட்னி யார் செய்ததென்று கேட்டது.

கதவோரம் இருந்த அந்தப் பெட்டியை இறக்கி மெஷினுக்கு அனுப்பினார்கள். சித்ராதேவி நெஞ்சில் கை வைத்து ஒரு மூச்சு விட்டாள்.

சென்னியப்பன் குன்றிப்போனார் என்றா நினைக்கிறீர்கள்? "நாந்தான் வாட்ச்மேன மேல ஏத்துனேன். இல்லீன்னா வண்டி இந்நேரம் தாராபுரந் தாண்டியிருக்கும்!" வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது நிஜம். அந்தப் பொண்ணு அவருக்கு நன்றி வேறு சொன்னாள்.

சிரிக்காதீர்கள். டி.வி. ரிமோட்டை உள்ளங்கையில் தட்டியவர் யார்? போனில் குரல் கேட்காதபோது, "உங்க பக்கம்தான் சிக்னல் இல்லை" என்று எதிராளியிடம் சொன்னவர் யார்? போய் ஒரு தடவை உங்கள் செட்டைப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

நான் இறங்கலாம் என்று ஏணியில் ஒரு கால் வைத்தேன். என் செட் கூப்பிட்டது, சென்னியப்பன் குரல்.

"ஆத்தப்பண்ணா, இப்பக் கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குதுங்க."

"எனக்குக் கொஞ்சம் கரகரங்குதே. இறங்காதீங்க."

நான் நின்றிருந்தது தொட்டியின் மூடி. அதற்கு மேல் ஆகாசம்.

"இன்னொரு ரெண்டடி மேல ஏறி நில்லுங்ணா."