மலை முழுக்க ஒரே பலகை

இந்தக் குளிர்காலத்தைக் கை கால் உடையாமல் கடந்துவிடுவது என்று உறுதியான முடிவோடு இருந்தேன்.

எல்லாம் கல்யாணத்துக்கு முன் விட்ட ஒரு பொய்யால் வந்த வினை. நான் ஜப்பானின் பனிமலைப் பகுதியான நாகானோக்காரன். எங்கள் ஊர்க் குழந்தை நடக்குமுன் பனியில் சறுக்கும் என்று வெளியூரில் நம்புகிறார்கள். என் மனைவி நாமி, தெற்கே வெயில் தீவான ஒகினாவாக்காரி; அதுவரை பனியையே பார்த்ததில்லை. அவளிடம், "எங்க ஊர் மலை உச்சி எனக்கு வீட்டு மாடிப்படி மாதிரி" என்று அளந்துவிட்டேன். உண்மையில், பள்ளியில் சறுக்கு வகுப்பு என்றாலே எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். ஆறு வருடமும் அடிவாரத்து உணவகத்தில் மிஸோ சூப் குடித்தே தேறினேன்.

நாமியோ இரண்டே வருடத்தில் சறுக்கக் கற்றுக்கொண்டாள். பதினோரு வருடமாகச் சாக்குச் சொல்லித் தப்பித்தேன்; இப்போது உச்சியிலிருந்து இருவரும் சேர்ந்து இறங்க வேண்டுமாம்!

"எனக்குத் தோதான சறுக்குப் பலகை வேணுமே" என்றேன்.

"எப்படிப்பட்டது? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

உலகத்தில் இல்லாததைக் கேட்டால் வாங்க முடியாதல்லவா?

"புதுப் பனியில புதையக் கூடாது, அகலம் வேணும். இறுகின பனியில வழுக்கக் கூடாது, ஒடுக்கமா வேணும். குதிக்கிறப்போ வளையணும். செங்குத்துல விறைப்பா நிக்கணும்."

"அவ்வளவுதானா?"

"லேசா இருக்கணும். ஆனா ஆடக் கூடாது!"

தப்பித்த நிம்மதியில் அன்று இரண்டு கிண்ணம் சோபா நூடுல்ஸ் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை சறுக்குப் பலகைக் கடைக்காரர் குரோசே, நாமி எழுதிய சீட்டைப் படித்தார். சிரிப்பார் என்று பார்த்தால், என்னைக் குனிந்து வணங்கினார்.

"விஷயம் தெரிஞ்சவர் கேக்குற மாதிரி கேட்டிருக்கீங்க! நடுத்தர அகலம், நடுவுல விறைப்பு, நுனியில இளக்கம். மலை முழுக்க இது ஒண்ணே போதும். உள்ளேருந்து எடுத்துட்டு வரேன்."

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் என்ன பலகை கொண்டு வந்தார் என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கேபிள் காரில் ஏறினோம். கீழே எங்கள் வீட்டுக் கூரை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. கையுறைக்குள் வியர்வை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, செத்துப்போவேன் என்றே நினைத்தேன்.

உச்சியில், பலகையை மாட்டியதும் உடைந்துபோனேன்.

"நாமி, எனக்குச் சறுக்கவே தெரியாது. பயமா இருக்கு. வந்த வண்டியிலயே திரும்பிடறேன்."

"தெரியுமே. கல்யாணத்தன்னிக்கே உங்க அக்கா சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா இங்க கூட்டிட்டு வந்தே?"

"நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு பதினோரு வருஷமா காத்திருக்கேன். வாங்க, கையைப் பிடிச்சுக்கிறேன்."

நான் கையைக் கொடுக்கவில்லை. மலைச்சரிவுக்கு முதுகைக் காட்டி, கேபிள் கார் நிலையத்தைப் பார்த்து ஓடத் திரும்பினேன். பலகை ஓடியது. ஆனால் பின்பக்கமாக! குனிந்து பார்த்தால், முன்நுனி மேல்நோக்கி வளைந்திருப்பது போலவே பின்நுனியும் வளைந்திருக்கிறது.

"ஐயோ! இது பின்னாலயும் போகுதே!"

நாமி பக்கத்திலேயே நிதானமாகச் சறுக்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க திரும்பி ஓடுவீங்கன்னும் தெரியும். அதான், எந்தப் பக்கம் திரும்பினாலும் கீழேயே வர்ற மாதிரி கடைக்காரர்கிட்ட தனியா கேட்டு வாங்கினேன்."