ராகு காலத்தில் குடிபோன மயில்

எல்லா வீட்டிலும் ‘தொடாதே’ என்று சொன்னால் தொட்டே தீருகிற ஆள் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அது நான். ஆனால் கெடுதல் நினைத்து எதையும் தொட்டதில்லை. நேரம் காலம் பார்த்துத்தான் தொடுவேன். சிக்கலே அதில்தான் வந்தது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், தினசரி காலண்டரை மட்டும் தடுமாறாமல் படிப்பேன். (நான் சொல்லச் சொல்ல இதை அடித்துக்கொண்டிருப்பவள் என் மருமகள் சரண்யா. இந்த இடத்தில் சிரித்துவிட்டாள். சிரிக்கட்டும்.)

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் அவள் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து கொடுத்தால் ஊசி தானாகவே ஜாக்கெட் துணியில் தைத்துவிடும். ஆரம்பத்தில் சின்னச் சின்ன வேலைதான் வந்தது. பிறகு பாகலூரிலிருந்து முதல் கல்யாண ஆர்டர். இரண்டு கையிலும் தோகை விரித்த மயில். அந்த மயிலை வரைவதற்குள் சரண்யாவுக்குக் கண்ணே பூத்துப்போனது. இது நன்றாக அமைந்தால் பாகலூர்ப் பக்கமெல்லாம் வேலை கிடைக்கும். சொதப்பினால் மிஷினை விற்றுவிட்டு மறுபடியும் கம்பெனி ஷிப்டுக்குப் போகவேண்டியதுதான். இதையெல்லாம் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தவளும் நானேதான்.

வலது கை மயில் முடிந்தது. இடது கை பாக்கி. அப்போது பார்த்து கம்ப்யூட்டர், இடமில்லை என்று முரண்டு பிடித்தது. சரண்யா புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து, கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்து ஒயரைச் சொருகினாள்.

“அத்தே, இதுக்குள்ள சிஸ்டம் ஃபோல்டர்னு ஒண்ணு இருக்குது. டிசைன், மிஷினை ஓட்டறது, எல்லாமே அதுக்குள்ளதான். பழைய டிஸ்க்குல எடம் பத்தல. அதை அப்படியே புதுசுக்கு மாத்தறேன்.”

“குடி போவுதுன்னு சொல்லு.”

“ஆமா, குடி போவுது. அந்தப் பச்சைக் கோடு முழுசா நெறையற வரைக்கும் யாரும் கிட்டயே போவக்கூடாது. நீங்களுந்தான்.”

“நான் எதுக்குடி போறேன்?” என்று கோபமாகவே சொன்னேன்.

அவள் நூல் வாங்க ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனாள். பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. நான் காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம்!

எத்தனையோ வாடகை வீடு மாறியவள் நான். ஒருமுறைகூட ராகு காலத்தில் குடி போனதில்லை. கட்டில், பீரோவெல்லாம் ஏற்றிய டெம்போவை நடுத்தெருவில் நிறுத்தி, ராகு காலம் முடியும்வரை டிரைவருக்குக் களியும் கீரையும் போட்டு உட்கார வைத்திருக்கிறேன். அப்படி வளர்ந்த குடும்பத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் மயில் ராகு காலத்தில் குடி போவதா?

நிறுத்துகிற பட்டன் எனக்குத் தெரியாது. ஒயர் தெரியும். பிடுங்கினேன்.

பச்சைக் கோடு நின்றது. டிஸ்க்குக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டுக் கீரை ஆயப் போனேன். பன்னிரண்டு அடித்ததும் சாமியை வேண்டிக்கொண்டு மறுபடியும் சொருகினேன். கோடு வரவில்லை. இங்கிலீஷில் ஏதோ ஒரு கட்டம் வந்தது. நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

சரண்யா வந்து பார்த்தாள். பையைக் கீழே போட்டாள். கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“நடுவுல யாராச்சும் ஒயரைப் புடுங்குனீங்களா?” என்றார் அவர்.

“கரெண்டு போச்சா அத்தே?” என்று என்னைப் பார்த்தாள்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அன்றைக்கென்று கரெண்டு ஒரு நொடிகூடப் போகவில்லை என்று எதிர்வீட்டு டிவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

“நாந்தான் புடுங்குனேன். ராகு காலம்.”

மெக்கானிக் பொறுமையாகச் சொன்னார்: “அம்மா, பாதி சாமான் புது ஊட்டுக்குப் போயிருச்சி. பாதி பழைய ஊட்டுலயே கெடக்குது. அந்த நேரத்துல கையில தூக்கிக்கினு போனது ரோட்டுல வுழுந்துருச்சி.”

சாயந்தரத்துக்குள் அவர் வந்து மிஷினை ஓட வைத்துவிட்டார். ரோட்டில் விழுந்தது என்ன என்று மயிலைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கொண்டை இருந்தது, கழுத்து இருந்தது, கால்கூட இருந்தது. தோகை இல்லை. சந்தையில் விலை பேசி முடித்த நாட்டுக்கோழி மாதிரி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். புதிதாக வரைய நேரமில்லை. சரண்யா என்னைத் திட்டவில்லை. வலது கைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு தடவியபடி உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன்.

“இருக்கறதையே தை. எடது பக்கம் முந்தானை மூடிக்கும். நானே வந்து பின்னு குத்தறேன்” என்றேன்.

பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொன்னோம். அவள் நல்ல பிள்ளை. “நெறைய பின்னா குத்துங்க” என்றாள்.

குத்தினேன். மாலை மாற்றக் கையைத் தூக்கினாள் பாருங்கள், அத்தனை பின்னும் தெறித்து, முந்தானை சரிந்து, நாட்டுக்கோழி சபைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா கன்னடக்காரர். குனிந்து பார்த்து, “ஏனம்மா இது, பாலவே இல்லவல்லா?” என்றார். வாலையே காணோமே என்கிறார். கீழே நின்ற சரண்யாவின் முகம் வெளுத்துவிட்டது.

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

“அது பொட்டை மயிலுங்க. அதுக்கு ஏது தோகை? கல்யாண ஜாக்கெட்டுல ரெண்டு ஆம்பளை மயிலையா போடுவாங்க? இது ஜோடி!”

“பொட்டை மயிலு இப்படி நீலமா இருக்காதே?” அந்தம்மா தமிழிலேயே திருப்பிக் கேட்டார். விவரமானவர்.

“கல்யாணத்துக்கு வந்திருக்குதில்லீங்க? பட்டு கட்டிக்கினு வராதா?”

முதலில் சிரித்தது அந்தம்மாதான். பிறகு ஐயர் சிரித்தார். மணமகள் முந்தானையை அவளே ஒதுக்கிவிட்டு, போட்டோகிராபரிடம் இடது கையைக் காட்டினாள்.

அந்த வருஷமே பாகலூர்ப் பெண்கள் “ஜோடி மயிலு” வேண்டும் என்று தேடி வர ஆரம்பித்தார்கள். மிஷின் இன்னும் முன்னறையில்தான் இருக்கிறது. அறுந்துபோன அந்த ஃபைலைச் சரண்யா இன்றுவரை சரிசெய்யவில்லை. அதற்கு ‘அத்தை’ என்று பெயர் வைத்திருக்கிறாள். யாராவது, “இந்தப் பொட்டை மயிலை வரைஞ்சது யாருங்க?” என்று கேட்டால் உள்ளே கையைக் காட்டுகிறாள்: “எங்க அத்தைதான். ஒரே இழுப்புல வரைஞ்சாங்க.”