சலவை மிஷினும் என் பகல் தூக்கமும்

இனி என் வீட்டுப் பின்பக்கம் 'டப்' என்ற சத்தமே கேட்கக் கூடாது. முடிவெடுத்துவிட்டேன்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பதினேழு வருஷமாக ராத்திரி ஷிப்டு. ஊர் எழும்போது நான் படுக்கிறவன். என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் துவைகல். நான் கண்ணை மூடியதும் என் மனைவி வேலுத்தாய் அடிக்க ஆரம்பிப்பாள். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்த கோபமும் துணியோடு சேர்ந்து விழும்.

"வீட்டுக்கு ஒரு குழா போடுங்கன்னா கேக்கீகளா?"

"குழாய் வந்தா இன்னும் நெறையத் துவைப்ப."

அந்தச் சமயத்தில்தான் முதலாளி வீட்டில் சிங்கப்பூர் சலவை மிஷின் ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். முதலாளியம்மாவின் பட்டுச்சேலையைத் தின்றுவிட்டதாம். கெஞ்சி வாங்கி வந்தேன். அதற்காக முனிசிபாலிடிக்கு நடையாய் நடந்து வீட்டுக்குக் குழாயும் இழுத்தேன். ஆனால் திறந்து மூடத் திருகு வைக்கவில்லை. நேரே மிஷினுக்குள் விட்டேன். எப்படி என் மூளை!

தண்ணீர் விடும் நாள் வந்தது. மிஷின் நிறைந்தது. வழிந்தது. வாசலைத் தாண்டித் தெருவில் ஓடியது. ஒரு குடத்துக்கு நாள் கணக்கில் காத்துக் கிடக்கும் சிவகாசியில் தண்ணீர் ஓடுகிறது! என் நெஞ்சு நின்றுவிட்டது, தண்ணீர்தான் நிற்கவில்லை.

நான் சொந்தமாகப் படித்துத் தேறிய மெக்கானிக். பழைய புத்தகக்கடையில் வாங்கிய மிஷின் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ரப்பர் குழாயை மாற்றினேன். காலுக்குச் செங்கல் கொடுத்து மட்டம் பார்த்தேன். உள்ளே ஒரு கம்பி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. அதற்கும் எண்ணெய் விட்டேன். அடுத்த முறையும் வழிந்தது.

மூன்றாம் முறை, தண்ணீர் வருவதற்கு முன்பே என் வாசலில் பதினோரு குடம் வரிசையாக நின்றது! முதல் குடத்துக்காரி அடுத்த வீட்டு மாரித்தாய்.

"அண்ணே, இன்னைக்கும் சரியாக்கிட மாட்டீகளே?"

வெறுத்துப்போனேன். மிஷினைக் கழற்றி மூலையில் தள்ளி, குழாய்க்கு ஒரு திருகு மாட்டினேன். தூங்கியே ஆறு நாளாயிற்று.

அன்று ரசம் வைக்கப் புளிப்பானையைக் கவிழ்த்தாள் வேலுத்தாய். புளியோடு ஒரு செம்புப் பந்து உருண்டு வந்தது.

"ஏட்டி, என்னது இது?"

"ஒங்க மிஷின்ல கம்பி நுனியில இருந்துச்சு. தண்ணி ஏற ஏற மெதந்து வந்து குழாயை அடைக்கும்போல. மொத நாளே கழட்டிட்டேன்."

எனக்குக் கம்பி மாதிரியே தலை ஆடியது.

"எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"படிக்கலைங்க. குனிஞ்சு பாத்தேன்."

மறுநாள் காலையில் ஷிப்டு முடிந்து வந்து படுத்தேன். டப். டப். டப். பதறி எழுந்து பின்கதவைத் திறந்தேன். குழாயைச் சுற்றி மூன்று துவைகல்! ஒன்றில் வேலுத்தாய், ஒன்றில் மாரித்தாய், இன்னொன்றில் எதிர்வீட்டு இருளம்மாள்.

வேலுத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒத்தைக் கல்லுச் சத்தந்தான ஒங்க தூக்கத்தைக் கெடுத்துச்சு? மூணும் சேந்தா மழை பெய்ற மாதிரி இருக்கும். போய்த் தூங்குங்க."